வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்குக் குடும்பத்தோடு

ஆகஸ்டு 29 மாலை கொடியேற்றம். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அன்று மாலை கொடியிறக்கம். இந்தத் தேதிகள் எந்த ஆண்டும் மாறுவதில்லை, கிழமைதான் மாறும். வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கிழமையைத்தான்.

விழா நாட்களில் கூட்டம் ஒரே சீராக இருக்காது. கொடியேற்றத்தன்று ஒரு பேரலை. இடையில் வரும் சனி, ஞாயிறு இன்னொன்று. 6-ஆம் தேதியிலிருந்து 8-ஆம் தேதி மதியம் வரை ஊரே நிரம்பி, கால் வைக்க இடம் இருக்காது. இந்த மூன்றுக்கும் நடுவில் வரும் வார நாட்களில் விழாவின் எல்லாச் சிறப்பும் உண்டு. மூச்சுவிட இடமும் உண்டு. வீட்டில் 7 வயதுக்குட்பட்ட பிள்ளையோ 70 தாண்டிய பெரியவரோ இருந்தால் அந்த வார நாட்களில் இரண்டு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் வீட்டில் மறுப்பு வரும். வழக்கமாகப் பாட்டியிடமிருந்து வரும்.

"ஏம்ப்பா, தேரப் பாக்காம வர்றதுக்கா இவ்வளவு தூரம் போறோம்?"

"தேரு தெனமும் சாயங்காலம் உண்டும்மா. ஏழாந்தேதி வர்றது பெரிய தேரு. அன்னைக்கு உங்களால முன்னால போய் நிக்க முடியாது. நடு நாள்ல போனா மாதாவ பத்தடி தூரத்துல பாக்கலாம்."

பதில் உண்மையானது. நவநாள் முழுவதும் ஒவ்வொரு மாலையும் ஜெபமாலை, மன்றாட்டு மாலை, திருப்பலி, தேர் பவனி எல்லாம் நடக்கும். 7-ஆம் தேதி இரவு புனிதர்களின் சிறிய தேர்கள் முன்னே வர, கடைசியில் பூவும் விளக்குமாக ஆரோக்கிய அன்னையின் தேர் வரும்போது "மரியே வாழ்க" என்று எழும் குரலுக்கு ஈடு கிடையாதுதான். ஆனால் அந்த நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கண்முன் தெரிவது முன்னால் நிற்பவரின் இடுப்பு மட்டுமே. மூட்டுவலிக்காரருக்கோ மூன்று மணி நேரம் உட்கார இடம் இருக்காது. குடும்பத்தில் எல்லாரும் நடக்கக்கூடியவர்கள், பிள்ளைகளும் வளர்ந்தவர்கள் என்றால் 7-ஆம் தேதிக்குத் தாராளமாகப் போகலாம். அப்படிப் போவதானால் 5-ஆம் தேதியே போய்ச் சேர்ந்துவிடுங்கள். 7-ஆம் தேதி மதியத்துக்கு மேல் ஊருக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். பேருந்தும் தொலைவிலேயே நின்றுவிடும்; பையும் பிள்ளையுமாக அங்கிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

போய்ச் சேரும் வழி

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தூரத்தில் கடலோரத்தில் இருக்கிறது ஊர். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010-இல் ரயில் பாதை வந்தது. விழாக் காலத்தில் மும்பை, கோவா பக்கங்களிலிருந்து சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன. எர்ணாகுளத்திலிருந்து கொல்லம், செங்கோட்டை வழியாக ஒரு வண்டி உண்டு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் காரைக்கால் விரைவு வண்டியில் நாகப்பட்டினத்தில் இறங்கிக்கொள்ளலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகஸ்டு 29 பயணத்துக்கு ஜூன் 30. செப்டம்பர் 7 பயணத்துக்கு ஜூலை 9. அன்று காலை 8 மணிக்குத் தயாராக இருந்தால்தான் கீழ்ப்படுக்கை கிடைக்கும். முதியவர்களுக்கு அது அவசியம்.

தஞ்சாவூர், திருச்சி பக்கமிருந்து பேருந்தே வசதி. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சிறப்புப் பேருந்துகள் விடும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இரவுப் பேருந்தைத் தவிர்த்து, விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. தூக்கமில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு மாலைத் திருப்பலியில் நிற்க முடியாது.

சொந்த வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்டு கடைசி வாரத்தில் சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக 300 கி.மீட்டருக்கு மேல் காவி உடையில் நடந்து வருகிறவர்கள் அந்தச் சாலையின் ஓரத்தில்தான் போவார்கள். சிறு சப்பரத்தில் மாதா சுரூபத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலிலும் நடப்பார்கள். இருட்டில் காவி நிறம் கிட்டத்தில் வரும்வரை தெரியாது. இரவு 10 மணிக்கு மேல் வண்டி ஓட்டாதீர்கள். கடலூரிலோ சிதம்பரத்திலோ தங்கிவிட்டுக் காலையில் தொடருங்கள். வழியில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கால் நீட்டி உட்காரக் கடற்காற்றோடு இடமும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் நடந்துபோகும் அனுபவம் வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் உண்டு. நல்ல ஆசைதான். 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து கடைசி 12 கி.மீட்டரை மட்டும் நடந்துபாருங்கள். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்புறம் நடந்தால் வெயில் ஏறுமுன் பேராலயக் கோபுரம் தெரியும். ஒருவர் மட்டும் பைகளோடு பேருந்தில் முன்னால் போய்விட வேண்டும். புதுச் செருப்பு வேண்டாம். பழகிய செருப்பே போதும்.

தங்குமிடம்

பேராலய நிர்வாகத்தின் விடுதிகள் ஊரிலேயே இருக்கின்றன. விழாக் காலத்தில் அவற்றில் இடம் கிடைப்பது அரிது. தனியார் விடுதிகளில் வாடகை பல மடங்கு ஏறும். ஊருக்குள்ளேதான் தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நாகப்பட்டினம், காரைக்கால், திருவாரூர் மூன்றிலும் நியாயமான வாடகைக்கு அறை கிடைக்கும். அங்கே இரவில் அமைதியாகத் தூங்கலாம். வேளாங்கண்ணியில் விழா இரவுகளில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. அறை எடுக்கும்போது இரண்டு கேள்விகளை மட்டும் விடாமல் கேளுங்கள்: கழிப்பறை மேல்நாட்டு வகையா, அறை எந்த மாடியில்? மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் தாத்தாவைக் குடியமர்த்திவிட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை இறக்கி ஏற்றுவது நடக்காத காரியம்.

கடற்கரையிலும் திறந்தவெளிகளிலும் பாய் விரித்துப் படுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏழை எளியவர்களுக்கு வேறு வழி இல்லை. அவர்களுடைய பக்தியின் முன் யாரும் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் கைக்குழந்தையோடு அப்படிப் படுக்காதீர்கள். திடீர் மழை அந்தப் பருவத்தில் சாதாரணம்.

எங்கே எது இருக்கிறது

பேராலயத்தின் முகப்பு கிழக்கே கடலைப் பார்த்து இருக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவில்தான் கடைத்தெரு. பின்புறம் 1970-களில் சேர்த்துக் கட்டிய மேல்கோயிலும் கீழ்க்கோயிலும். அங்கிருந்து மேற்கே மாதாகுளம் வரை நேர்கோடாக ஒரு மணற்பாதை. இது தவிர, பல ஆயிரம் பேர் உட்காரக்கூடிய விடியற்கால விண்மீன் ஆலயமும் இருக்கிறது. வயதானவர்களோடு திருப்பலி காண வசதியான இடம் அதுதான். மற்ற ஆலயங்களில் தமிழ்த் திருப்பலிக்கு நிற்க இடமிருக்காது. மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி, மராத்தி, இந்தி, ஆங்கிலம் என ஒவ்வொரு மொழிக்கும் தனி நேரம் உண்டு. போனவுடன் அறிவிப்புப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் போகும் வழியிலேயே கதைகளைச் சொல்லிவிடுங்கள். இடங்களைப் பார்க்கும்போது கண் விரியும். குளத்தங்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறிய பால்காரச் சிறுவனிடம் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கேட்டதும், குறைந்த பால் பிறகு பானை நிறையப் பொங்கியதும் மாதாகுளத்தின் கதை. மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் எழுந்து நடந்தது நடுத்திட்டின் கதை. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்து, வேண்டிக்கொண்டபடி கோயில் கட்டியது மூன்றாவது. அவர்கள் கரையேறியது மாதாவின் பிறந்தநாளில் என்பது நம்பிக்கை. பெருவிழா செப்டம்பர் 8-இல் வருவதை இந்த ஊர் அந்தக் கதையோடு சேர்த்தே சொல்கிறது. அந்த மாலுமிகள் கொண்டுவந்து தந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் பழைய பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவசரத்தில் பெரியவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை. பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்கள். இந்தக் கோயிலைப் பேராலய நிலைக்கு உயர்த்தியவர் திருத்தந்தை 23-ஆம் யோவான்; ஆண்டு 1962.

மாதாவுக்குச் சேலை கட்டியிருக்கிறார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கொண்டுவந்து தருகிற சேலைகள் அவை. காணிக்கைப் பொருட்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளியிலும் தங்கத்திலும் செய்த கண், கை, கால், தொட்டில், வீடு, அவற்றோடு நன்றி சொல்லி எழுதிய கடிதங்கள். மதிய வெயில் நேரத்துக்கு அதைவிட ஏற்ற இடம் ஊரில் இல்லை.

மணற்பாதை

மாதாகுளம் போகும் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள்; வேண்டிக்கொண்டவர்கள் முழங்காலால் நகர்ந்து போவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு பெண் இரண்டு முழங்காலிலும் பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். பத்தடி நகர்ந்ததும் துண்டு நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிடும். கூடவே நடக்கிற கணவரோ மகனோ குனிந்து அதை மேலே இழுத்துக் கட்டுவார். கையில் எரிகிற மெழுகுவர்த்தி. மெழுகு விரலில் வழிந்து உறைந்திருக்கும். அவர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. அப்படிப் போகிறவரைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தி விலகி வழிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். யாரையும் படமெடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு வேண்டுதல் இருந்தால் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை 5 மணிக்கு மேல் தொடங்குங்கள். 11 மணி மணலில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம் நிச்சயம். கட்டுவதற்குத் துண்டைவிடக் கைப்பந்து விளையாட்டுக்காரர்கள் போடும் முழங்கால் உறை மேல், நழுவாது. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நடந்தே போகட்டும். எந்த அருள்தந்தையைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

குளத்துத் தண்ணீரைப் பக்தியோடு குப்பியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், நெற்றியில் பூசுங்கள். குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

காணிக்கை, மொட்டை

மெழுகுவர்த்தி, மாலை, தென்னங்கன்று, உருவங்கள் எல்லாம் கடைத்தெருவிலேயே கிடைக்கும். பிள்ளைகளுக்கு மொட்டை அடிப்பதானால் பேராலயம் ஏற்பாடு செய்திருக்கும் இடத்திலேயே அடியுங்கள். வழியில் வந்து கையைப் பிடித்து அழைப்பவர்களோடு போக வேண்டாம். உங்கள் கண்முன் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். மொட்டை அடித்த தலைக்குச் சந்தனம் மட்டும் போதாது. பருத்தித் தொப்பி ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

சில்லறை நிறைய வேண்டும். கூட்டம் கூடியதும் கைப்பேசித் தொடர்பு திணறும். அட்டையை ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற வசதி அப்போது கைகொடுக்காது. 10, 20 ரூபாய்த் தாள்களாக இரண்டு பேர் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நகை வேண்டாம். குழந்தையின் கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் பெருந்திரளாக வருகிற இடம் இது. நாகூர் தர்காவுக்கும் சிக்கல் சிங்காரவேலர் கோயிலுக்கும் போய்விட்டு இங்கே வருகிறவர்கள் உண்டு. எல்லா வாசலும் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: திருப்பலியில் நற்கருணை வாங்குவது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே அமர்ந்து மன்றாடலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

தொலையாமல் இருக்க

ஒவ்வொரு நாள் காலையிலும் அறையை விட்டுக் கிளம்புமுன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுங்கள். அன்று போட்டிருக்கும் உடை அதில் தெரிய வேண்டும். பிள்ளையைத் தேடும்போது காவலர் கேட்கிற முதல் கேள்வி சட்டை என்ன நிறம் என்பது. பதறும் தாய்க்கு அது நினைவுக்கு வராது. பெற்றோரின் இரண்டு எண்களை எழுதிய அட்டையைப் பிள்ளையின் சட்டைப் பைக்குள் ஊசி போட்டுக் குத்துங்கள். மறதி உள்ள பெரியவர்களுக்கும் இதையே செய்யுங்கள்; கூட்டத்தில் தொலைவது குழந்தைகள் மட்டுமல்ல.

பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கொடிமரம் வேண்டாம், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். காணிக்கைப் பொருட்காட்சியகத்தின் வாசல் நல்ல இடம். முதல் நாளே எல்லாரையும் அங்கே அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் இடத்தையும் காவல் உதவி மையத்தையும் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுங்கள்.

உடம்பு

செப்டம்பர் தொடக்கத்தில் நாகைக் கரையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். விரதம் இருக்கும் பெரியவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கும். முதல் நாள் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதே சிறந்தது. கடற்கரையில் வறுத்து விற்கும் மீனின் வாசம் யாரையும் இழுக்கும். உங்கள் கண்முன் சூடாகப் பொரித்தெடுத்ததை மட்டும் வாங்குங்கள்.

கழிப்பறைக்கு வரிசை நீளும். தேர் பவனிக்கு இரண்டு மணி நேரம் முன்பே எல்லாரும் போய்வந்துவிடுங்கள். பெண்கள் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மயங்கி விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். குடும்பத் தலைவர்கள் இதைக் கேட்டுக் கவனிக்க வேண்டும்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்த நூற்றுக்கணக்கான திருப்பயணிகளை இந்தக் கரையில்தான் ஆழிப்பேரலை கொண்டுபோனது. அவர்களுக்கான நினைவிடத்தில் ஒரு நிமிடம் நின்று மன்றாடுங்கள். சாதாரண நாளிலும் இங்கே அலை கால் மணலை அரித்து இழுக்கும். பிள்ளைகள் கணுக்கால் நனைத்தால் போதும். அதுவும் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பகலில் மட்டும். காவலர் தடுத்தால் வாதாடாதீர்கள்.

திரும்பும் நாள்

செப்டம்பர் 8 காலைத் திருப்பலி முடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அன்று மதியம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். பிள்ளைகளோடு அந்த நெரிசலுக்குள் போக வேண்டாம். மாலைக் கொடியிறக்கத்தையும் கண்டுவிட்டு, இரவு தங்கி, 9-ஆம் தேதி காலையில் கிளம்புங்கள். ஊர் பாதி காலியாகியிருக்கும். பேராலயத்துக்குள் போய் மாதாவின் முன்னால் முதியவர்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்து விடைபெறலாம். காலாண்டுத் தேர்வு அதே மாதம் வருகிறது. பள்ளியில் விடுப்புக் கேட்கும்போதே 9-ஆம் தேதியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.